மணியக்காரர்மீது யாரிடம் முறையிடுவது? அயோத்திதாசர் எழுப்பிய கேள்வி

காவல்துறையைக் குடிமக்கள் கண்காணிக்க வேண்டும் என்ற பேச்சு, 2006ஆம் ஆண்டில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகே இங்கு தொடங்கியதாகப் பலரும் எண்ணுகின்றனர். அதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்பே, 1891 டிசம்பர் 1 அன்று, உதகமண்டலத்தில் கூடிய ஒடுக்கப்பட்ட மக்களின் மாநாடு அக்கேள்வியைத் தீர்மானமாக்கி ஆட்சியாளர்முன் வைத்தது. மாநாட்டைக் கூட்டியது திராவிட மகாஜன சபை. அதன் பின்னிருந்த மூளை, நீலகிரியில் சித்த மருத்துவராக வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர்.

பண்டிதரைப் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாக, இதழாளராக, மாற்று வரலாற்றை எழுதியவராக நாம் நினைவுகூர்கிறோம். ஊரில் தடியைக் கையில் வைத்திருப்பவரை யார் கேள்வி கேட்பது என்று சிந்தித்தவராக அவரை வாசிப்பது அரிது. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், நீலகிரி எனக் கொங்கு மண்டலம் முழுவதும் வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையப் படியேறுவோருக்கு இன்று பெரிதும் தேவைப்படுவது அந்த அயோத்திதாசரே.

காத்தவராயன் பிறந்த காலம்

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் ஐரோப்பியரிடம் பணிபுரிந்தவர். தம்மிடம் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அச்சேறும்பொருட்டு எல்லிஸ் துரை வட்டத்தினரிடம் சேர்ப்பித்தவர். வீட்டில் கல்வியும் மருத்துவமும் இருந்தன. தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் அவருடைய பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றார் காத்தவராயன். குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய பொதுவாழ்வும் அங்கேயே தொடங்கியது.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் ஊரின் சட்டம் யார் கையில் இருந்தது என்பதை அறிந்தால்தான் அவருடைய சிந்தனை விளங்கும். கும்பெனி அரசு 1816ஆம் ஆண்டில் இயற்றிய பதினோராம் ஒழுங்குவிதி, கிராமத் தலைவரையே கிராமப் போலீசின் தலைவராகவும் ஆக்கியது. வரி வசூலிப்பவர் அவர். தலையாரியை ஏவுபவர் அவர். குற்றம் நடந்தால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புபவரும் அவரே. வசைச்சொல், சிறு கைகலப்பு போன்ற சில்லறைக் குற்றங்களுக்கு ஒருவரைச் சாவடியில் 12 மணி நேரம்வரை அடைத்துவைக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தாழ்ந்த சாதியார் எனக் கருதப்பட்டால் தண்டனை வேறு. அவர்களைத் தொழுக்கட்டையில் கால்களை மாட்டி 6 மணி நேரம்வரை ஊரார் பார்க்க உட்காரவைக்கலாம். சாதிக்கேற்ற தண்டனையை மனுநீதியில் தேடி அலைய வேண்டியதில்லை. ஆங்கிலேயர் அச்சிட்ட சட்டப் புத்தகத்திலேயே அது இருந்தது.

கொங்குப் பகுதியில் இப்பதவியை வகித்தவர் மணியக்காரர். நிலமும் ஊர்த் தலைமையும் உடைய சாதியின் குடும்பங்களில் அப்பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. பண்ணையத்தில் ஆளாக வேலை செய்பவர் தம் பண்ணையக்காரர்மீது புகார் சொல்ல வேண்டுமானால், பண்ணையக்காரரின் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருந்த மணியக்காரரிடமே சொல்ல வேண்டும். அவரைத் தாண்டித் தாசில்தாருக்கு மனு எழுதினாலும், அம்மனு விசாரித்து அறிக்கை தருக என்ற குறிப்போடு மீண்டும் அவர் கைக்கே இறங்கி வரும். அடித்தவரே அடிபட்டதைப் பற்றி அறிக்கை எழுதும் ஏற்பாடு அது.

கும்பெனி அரசு இதை அறியாமல் இல்லை. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கிலாந்துப் பாராளுமன்றம்வரை சென்றதால், 1854இல் சித்திரவதை விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் நார்ட்டன் ஆகிய மூவரும் அதன் உறுப்பினர்கள். பாதிக்கப்பட்டோர் நேரில் வரலாம் என அறிவித்ததும் மாகாணத்தின் பல மூலைகளிலிருந்து மக்கள் சென்னைக்கு நடந்து வந்தனர். நேரிலும் கடிதம் வழியாகவும் ஏறத்தாழ 2000 முறையீடுகள் குவிந்தன. சித்திரவதை பரவலாக நிகழ்கிறது என்று 1855இல் ஆணையம் அறிக்கை அளித்தது. வருவாய்த் துறையையும் போலீசையும் பிரிக்கும் 1859ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம் அதன் விளைவுகளுள் ஒன்று. புதிய போலீஸ் படை உருவாயிற்று. ஆயினும் கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும் அப்படியே நீடித்தனர். ஆணையம் அறிக்கை தந்தபோது காத்தவராயனுக்கு ஏறத்தாழப் பத்து வயது.

மலையில் கிடைத்த பார்வை

நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. காப்பி, தேயிலைத் தோட்டங்களும் படைமுகாமும் ஐரோப்பியர் குடியிருப்புகளும் பெருகியபோது, சமவெளியின் ஒடுக்கப்பட்ட மக்கள் வேலை தேடி மலையேறினர். தோட்டத் துரைத்தனம் கருணை மிக்கதன்று. எனினும் ஊர்ச் சாவடியின் நேரடிப் பிடி அங்கே தளர்ந்திருந்தது. கூலி காசாகக் கிடைத்தது. சிலர் எழுத்தராகவும் கணக்கராகவும் ஆயினர். பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரட்டைமலை சீனிவாசன் கோவையில் கல்வி பயின்றவர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தோடு அங்கே படித்ததைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிவு செய்தவர். படிப்புக்குப் பின் அவர் கணக்கராகப் பணியாற்றியதும் நீலகிரியிலேயே. அவருடைய சகோதரி தனலட்சுமியைத்தான் அயோத்திதாசர் மணந்தார்.

1870களில் பண்டிதர் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். தோடர் உள்ளிட்ட மலைமக்களோடும் பழகினார். 1885இல் ஜான் இரத்தினத்துடன் இணைந்து திராவிடப் பாண்டியன் இதழில் எழுதினார். தீண்டப்படாதவர் எனப்படுவோர் இந்துக்கள் அல்லர், அவர்கள் இம்மண்ணின் தொல்குடிகள் என்று 1886இல் அறிவித்தார். இம்முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 1891இல் திராவிட மகாஜன சபை உருவாகி, அவ்வாண்டு டிசம்பரில் உதகையில் மாநாடு கூட்டியது.

அம்மாநாட்டின் கோரிக்கைகளில் கல்வி, உதவித்தொகை, அரசு வேலை, நகராட்சிகளிலும் உள்ளாட்சி மன்றங்களிலும் பிரதிநிதித்துவம், பொதுக் கிணறு குளங்களில் உரிமை ஆகியவை இருந்தன. பறையர் என்ற பெயரை இழிசொல்லாகப் பயன்படுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் கேட்டனர். இவற்றோடு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, சிறைச்சாலை பற்றியது. சிறைக்கு வரும் பறையர் இழிவான வேலைகளையே செய்ய வேண்டும் என்று விதித்த சிறைக் கையேட்டின் 464ஆம் விதியை நீக்க வேண்டும் என மாநாடு கேட்டது. கோவை மத்திய சிறை 1872இல் நிறுவப்பட்டது. மலையடிவாரத்தில் நின்ற அச்சிறையின் கொட்டடிக்குள்ளும் சாதி அரசு விதியாகவே நுழைந்திருந்தது.

இரண்டாவது, கிராம அதிகாரம் பற்றியது. பறையர் மிகுதியாக வாழும் ஊர்களில் முனிசீப், மணியக்காரர் பதவிகளை அவர்களுக்கு வழங்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் கிராமங்களுக்கு வரும்போது அம்மக்களை நேரில் விசாரித்து நியாயம் வழங்க வேண்டும் என்று மாநாடு கேட்டது. இக்கோரிக்கையில் இரண்டு வழிகள் அடங்கியுள்ளன. அதிகாரம் செலுத்துவோரில் நம்மவரும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அதிகாரம் செலுத்துவோரைக் கடந்து முறையிட ஒரு வாசல் வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வழியால் மட்டும் தீர்வு வந்துவிடும் என்று அவர்கள் நம்பவில்லை. அதனால்தான் இரண்டாவதையும் சேர்த்தே எழுதினர். குடிமக்கள் கண்காணிப்பு என்று இன்று நாம் அழைப்பதன் விதை இதுவே.

மகாஜன சபையில் கிடைத்த பதில்

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகச் சென்றார் அயோத்திதாசர். விஷ்ணு, சிவன் கோயில்களில் எங்கள் மக்களுக்கு ஏன் அனுமதியில்லை என அவர் கேட்டபோது அவை கொந்தளித்தது. உங்கள் குலத்துக்கு மதுரைவீரன் முதலிய தெய்வங்கள் இருக்கையில் எங்கள் தெய்வங்கள் எதற்கு என்ற பொருளில் தஞ்சையிலிருந்து வந்த சிவராம சாஸ்திரி விடையிறுத்தார். அப்படியானால் உங்கள் சாமிகள் எமக்கு வேண்டாம் என்று உதறிய பண்டிதர், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் எங்கள் மக்களுக்குத் தரிசு நிலமும் வழங்கப் பரிந்துரையுங்கள் எனக் கேட்டார். அது தீர்மானமாக நிறைவேறியது.

ஆட்சி அதிகாரம் இந்தியர் கைக்கு வர வேண்டும் என்று முழங்கிய அவையில் கிடைத்த அப்பதில், அவருடைய அரசியலைத் தீர்மானித்தது. கோயில் வாசலில் நம்மை நிறுத்துபவர் நாளை நீதிபதியாகவும் போலீஸ் அதிகாரியாகவும் அமர்ந்தால் நமக்கு என்ன நேரும் என்ற கேள்வியை அவர் அதன் பின் கைவிடவே இல்லை. 1898இல் கர்னல் ஆல்காட் உதவியுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது தமிழன் எனப் பெயர் மாறி, 1914 மே 5 அன்று அவர் மறையும்வரை வாரந்தோறும் வெளிவந்தது.

தமிழன் இதழைக் கண்காணிப்பின் கருவியாகவும் வாசிக்கலாம். கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது, கிராம அதிகாரிகள் கொடுமை செய்தது, அலுவலகத்தில் படியேற விடாதது போன்றவை அதில் அச்சாயின. சென்னை, கோலார் தங்கவயல், இரங்கூன் எனப் பல இடங்களில் வாழ்ந்த தமிழர் அவற்றைப் படித்தனர். நீதித்துறை, வருவாய், போலீஸ் பதவிகள் ஒரு சாதியின் கையில் குவியக் கூடாது, எல்லா வகுப்பாருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று அவ்விதழில் அவர் இடைவிடாமல் வாதிட்டார். ஆட்சியர் வராத ஊருக்கு அச்செழுத்து போய்வந்தது.

அவர் பார்க்காதவை

முன்னோரை மதிப்பது, அவர்களுடைய எல்லைகளை மறைப்பதாகாது. அயோத்திதாசர் பிரிட்டிஷ் ஆட்சியின்மீது வைத்த நம்பிக்கை பெரிது. தொழுக்கட்டையைச் சட்டமாக்கியதும், 464ஆம் விதியை அச்சிட்டதும் அதே ஆட்சிதான். உதகைத் தீர்மானம் முடிந்த நான்கே ஆண்டுகளில், 1895இல், சென்னை அரசு பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டத்தை இயற்றியது. மணியக்காரர் பதவியை ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்துவிடுங்கள் என்ற கோரிக்கைக்குக் கிடைத்த விடை, அப்பதவி வாரிசுரிமையே எனச் சட்டத்தில் உறுதிப்பட்டதுதான்.

இன்னோர் எல்லை கொங்கு மண்டலத்துக்கு மிக நெருக்கமானது. சாதியால் தாழ்த்தப்பட்டோர் என்றும் இயல்பிலேயே தாழ்ந்தோர் என்றும் அவர் பிரித்துப் பேசினார். சக்கிலியர், குறவர் முதலியோரை இரண்டாம் பிரிவில் வைத்தார். கொங்கில் பட்டியல் சாதியினருள் பெருந்தொகையினர் அருந்ததியர். தோட்டத்திலும் தோல்பட்டறையிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்து, காவல் நிலையங்களில் அதிகம் அவமதிக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைத் தம் கோரிக்கையின் வட்டத்துக்கு வெளியே நிறுத்திய பண்டிதரின் பார்வையை நாம் ஏற்க முடியாது. அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டு, அவர் விட்டவர்களையும் சேர்த்துக் கேட்பதே முறை.

கோரிக்கைகள் நிறைவேறிய கதை

பரம்பரைக் கிராமப் பதவி அரசியலமைப்புக்கு முரணானது என்று 1960இல் ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை மாநிலம் 1968இல் பரம்பரை உரிமையைச் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும் பழைய குடும்பங்களின் பிடி தொடர்ந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளையே ஒட்டுமொத்தமாக நீக்கி, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் முறைக்கு வழிதிறந்தது. உதகைக் கோரிக்கையின் ஒரு பாதி நிறைவேற 89 ஆண்டுகள் ஆயின.

சிறை விதிக்கு இன்னும் நீண்ட காலம் பிடித்தது. சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகள் செல்லா என உச்ச நீதிமன்றம் அறிவித்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களும் வெளியார் இடம்பெறும் பார்வையாளர் குழுக்களும் சிறைகளைத் தொடர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு பணித்தது.

மற்றொரு பாதியான முறையீட்டு வாசல்தான் இன்றும் சிக்கலில் இருக்கிறது. மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்றது 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தமிழ்நாடு 2013இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரைத் தலைவராக்கி, காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கியது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். காவலர்மீதான புகாரை அவருடைய மேலதிகாரி அமர்ந்து கேட்கும் ஏற்பாடு. மனு மீண்டும் மணியக்காரரிடமே இறங்கி வருகிறது.

ஆட்சியர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் கொங்கின் வடகிழக்கு ஓரம் விடை சொல்லியிருக்கிறது. 1992 ஜூன் மாதம் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் பழங்குடி மக்கள்மீது கொடுமை நிகழ்த்தியோர் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சேர்ந்தவர்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023இல் தண்டனையை உறுதி செய்த உயர் நீதிமன்றம், சம்பவக் காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது. வாச்சாத்தி உண்மையை வெளிக்கொணர்ந்தது மாவட்ட நிர்வாகம் அன்று; பழங்குடியினர் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் தேசிய ஆணையமும் நீதிமன்றமும் மத்தியப் புலனாய்வும் வெளியிலிருந்து கொடுத்த அழுத்தம். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து 17 பேர் மாண்டபோது, நீதி கேட்டுத் திரண்டவர்கள்தாம் தடியடிக்கும் கைதுக்கும் ஆளானார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை.

இருக்கும் வாசல்

இவ்வளவுக்கும் நடுவே, உதகைத் தீர்மானத்தின் நேரடி வாரிசு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 17ஆம் விதி, மாவட்டந்தோறும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. தலைவர் மாவட்ட ஆட்சியர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த அலுவலர் அல்லாத உறுப்பினர் ஐவர்வரையும், தன்னார்வ அமைப்புகளோடு தொடர்புடைய பிறர் மூவர்வரையும் அதில் இடம்பெறலாம். குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். வழக்கு பதியப்பட்டதா, புலனாய்வு நடந்ததா, நிவாரணம் வழங்கப்பட்டதா, அதிகாரிகள் தம் கடமையைச் செய்தார்களா என்று அதிகாரிகளின் முகத்துக்கு நேரே கேட்கும் உரிமை அதற்கு உண்டு. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை என்கிறது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு.

அக்குழு தக்க உறுப்பினர்களோடு உரிய காலத்தில் கூடுகிறதா என்பதை யாரும் கேட்காவிட்டால், அது கோப்பில் மட்டுமே கூடும். கொங்கின் ஒவ்வொரு மாவட்டத்திலும் கடந்த ஓராண்டில் குழு எத்தனை முறை கூடியது, அலுவலர் அல்லாத உறுப்பினர்கள் யார், அவர்களுள் அருந்ததியர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எத்தனை வழக்குகள் விசாரிக்கப்பட்டன, 4ஆம் பிரிவின்கீழ் எவர்மீதேனும் நடவடிக்கை பரிந்துரைக்கப்பட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப் பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு தாளும் போதும். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவரும் களச் செயல்பாட்டாளர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு மாவட்டத்தின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைத் திரட்டிவிட முடியும். பயணச் செலவும் அச்சகச் செலவும் அரிதான காலத்தில், மருத்துவத் தொழில் செய்துகொண்டே உதகையில் மாநாடு கூட்டியவர்கள் கேட்ட கேள்விக்கான விடை அக்குறிப்புகளில்தான் இருக்கிறது.